பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

மதுரை கே.கே. நகரில் ஒரு சின்ன அறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. கோடை விடுமுறையில் ஓர் அம்மா ஒன்பதாம் வகுப்பு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"ஏதோ பேய் விளையாட்டாம் சார். நாலு பேரும் மொட்டைமாடியில உக்காந்து கத்துறாங்க. போன வாரம் இவன் கூட ஆடுற பையனோட சட்டையக் கிழிச்சிட்டான்."

பையனிடம் தனியாகப் பேசினேன். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி முன்னேறும் ஆட்டம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியானது. பேய் வந்தாலும் அது கதைக்குள் வருகிற பேய்தான்.

சரி, சட்டை ஏன் கிழிந்தது?

"நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன் சார். கதை நடத்துறவன் அந்தப் பக்கம்னுட்டான். கோப்ளின்னு ஒரு குட்டிப் பூதம், அது என்னை அடிச்சிருச்சு."

இந்த ஆட்டத்தால் சண்டை என்று வரும் பிள்ளைகளிடம் துருவிக் கேட்டால், பெரும்பாலும் கதை இங்கேதான் வந்து நிற்கும். வாளும் ரத்தமும் காரணமில்லை. யார் எங்கே நின்றார்கள் என்பதுதான். பலகை இல்லாமல் வாயாலேயே ஆடுகிறார்கள். நாலு தலைக்குள் நாலு பாலம். நம் ஆடு புலி ஆட்டத்தில் ஆடு எங்கே நிற்கிறது என்று யாராவது சண்டை போட்டதுண்டா? கோடுதான் தரையிலேயே இருக்கிறதே.

இத்தனைக்கும் இது மேசையில் பொம்மை வீரர்களை அங்குலக் கணக்கில் நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து பிறந்த ஆட்டம். அடுத்த முறை நாலு பேரையும் வரச் சொன்னேன். சார்ட் பேப்பரில் ஓர் அங்குலக் கட்டங்களாகக் கோடு போட்டோம். செஸ் காய்கள் வீரர்கள், புளியங்கொட்டை கோப்ளின். இடம், தண்ணீர் இல்லாத வைகை. அதற்குக் கற்பனையே தேவைப்படவில்லை.

அவர்கள் வைத்திருந்தது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் ஒரு சுற்று 6 விநாடி. ஒரு கட்டம் 5 அடி. மனிதன் ஒரு முறைக்கு 30 அடி, அதாவது ஆறு கட்டம் போகலாம். இரண்டு கட்டம் நடந்து, வெட்டி, மிச்சம் நாலு கட்டம் விலகவும் செய்யலாம். ஆனால் எதிரியின் கையெட்டும் தூரத்திலிருந்து விலகினால், அவன் இலவசமாக ஒரு வெட்டு வெட்டலாம். அது வேண்டாமென்றால் அந்த முறை வெட்டாமல், தப்பி விலகுவதற்கே செலவிட வேண்டும்.

நம்ம பையனின் வீரன் கோப்ளின் பக்கத்தில் விழுந்து கிடந்தான். எழுந்திருக்கவே பாதி நடை, 15 அடி போய்விடும். மிச்சம் 15. மணலில் நடைச் செலவு இரட்டிப்பு. ஒரு கட்டத்துக்கு 10 அடி. ஒரு கட்டம் நகர்ந்தால் மீதி 5. அதை வைத்து அடுத்த மணல் கட்டத்துக்குப் போக முடியாது. விரலால் இரண்டு முறை எண்ணினான்.

"அப்ப வெட்டவும் செஞ்சா ஒரு கட்டம்தான். அதுவும் அடி வாங்கிட்டுத்தான்."

யாரும் கத்தவில்லை. அவனியாபுரத்துப் பையன் மட்டும், "ஜல்லிக்கட்டுல திமிலத்தான் புடிக்கணும், வாலப் புடிக்கக் கூடாதுல்ல, அந்த மாதிரி இதுக்கும் விதி இருக்கு" என்றான். எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்ல வந்திருக்காது.

அப்புறம், பெற்றோருக்கு இன்னொன்று. அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்ப்புள்ளி 0 ஆனதும் பாத்திரம் செத்துவிட்டது என்று பிள்ளைகளே முடிவுகட்டி அழுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது மயக்கம்தான். இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை விழுந்தால் உயிர் தங்கும். மூன்று தோல்வி முந்திக்கொண்டால்தான் சாவு. ஆட்டத்தைத் தடை செய்வதற்கு முன்னால், விதிப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

போன வாரம் பையனிடமிருந்து வாட்ஸ்அப். குறுக்கே மூலைவாக்கில் போனால் ஒரு கட்டமா, ஒன்றரையா? அடிப்படை விதியில் ஒன்றுதான். 5, 10 என்று மாறி மாறி எண்ணும் விருப்ப விதியும் உண்டு. எதுவானாலும் பகடையைத் தொடுவதற்கு முன்னால் நாலு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள் என்று பதில் போட்டேன். "அது முடிஞ்சிருச்சு சார், சும்மா கேட்டேன்" என்றான்.