திரையில் ஏறிய ராம்ப், தரையில் உரசிய கார்

ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் ஒரு தளம் வரைந்து, ஸ்லோப் ஆரோ (சரிவைக் காட்டும் அம்புக்குறி) போட்டு, வால் முனைக்கு 0, தலை முனைக்கு 1200 மில்லிமீட்டர் உயரம் என்று கொடுத்தால் இரண்டே நிமிடத்தில் ராம்ப் தயார். நானும் அப்படித்தான் செய்தேன். தெருவைவிட கார் நிறுத்தும் தளம் 1.2 மீட்டர் உயரம், கிடைத்த நீளம் 6 மீட்டர், ஆக 20 சதவீதச் சரிவு. முப்பரிமாணப் படத்தில் லட்சணமாகவே இருந்தது. கட்டி முடித்து, வீட்டுக்காரர் குடும்பத்தோடு முதல் தடவை காரை ஏற்றியபோது மேல் விளிம்பில் கரகரவென்று ஒரு சத்தம். வண்டியின் அடிவயிறு.

முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்புறம்தான் போட்டேன். சரிவும் சமதளமும் சந்திக்கும் அந்த முனை, 2.7 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள காருக்கு நட்டநடுவில் வரும்போது, முன் சக்கரமும் பின் சக்கரமும் தரையைத் தொடும் இடங்களை இணைக்கும் கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 134 மில்லிமீட்டர் எழுந்து நிற்கிறது. காரின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி, 160தான், அதுவும் வெறும் வண்டிக்கு. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் மிச்சம் ஏது?

கடைசியில் தளத்துக்குள் 2 மீட்டர் உடைத்து, ராம்ப்பை 8 மீட்டராக்கித் திரும்பப் போட்டோம் (யார் செலவில் என்று கேட்காதீர்கள்). கீழே 2 மீட்டருக்கு 10 சதவீதம், நடுவில் 4 மீட்டருக்கு 20, மேலே 2 மீட்டருக்கு மறுபடி 10. லெவல்கள் 0, 200, 1000, 1200. நடுச்சரிவு அதே 20தான், ஆனால் முனையில் எழும் உயரம் பாதியாக, 67 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது.

இதை ஒரே ஸ்லோப் ஆரோவால் வரைய முடியாது. ஆரோவை நீக்கிவிட்டு, சமதளமாக வரைந்து, சரிவு மாறும் இடங்களில் ஸ்ப்ளிட் லைன் (பரப்பைப் பிரிக்கும் கோடு) போட்டு அந்தந்தக் கோட்டுக்கு லெவல் கொடுக்க வேண்டும். ஆரோ இருக்கும்வரை அந்தக் கருவிகள் வேலை செய்யாது. தளத்தின் அடுக்குகளில் 'வேரியபிள்' (தடிமன் மாறலாம் என்ற அமைப்பு) டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டிக் இருந்தால் அடிப்பக்கம் தட்டையாகவே நின்று மேற்பக்கம் மட்டும் ஏறும், கான்கிரீட் அளவும் எங்கேயோ போய்விடும்.

தெருவே சரிவாக இருந்தால் கேட்டின் இரண்டு மூலைக்கும் ஒரே லெவல் இருக்காது. நான்கு மூலையும் ஒரே தட்டையான பரப்பில் அடங்காதபோது மென்பொருள் பரப்பை முக்கோணங்களாக மடிக்கும். அந்த மடிப்பு எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை நீங்களே கோடு போட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் தனக்குப் பிடித்த இடத்தில் தேங்கும்.

சரி, இன்னொன்று. 15 சதவீதம் என்பது ஏறத்தாழ எட்டரை டிகிரி. 15 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 27 சதவீதம். யூனிட் பார்க்காமல் எண்ணைத் தட்டிவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் ராம்ப் வரைந்ததும் நீளவாக்கில் ஒரு செக்‌ஷன் (வெட்டுத் தோற்றம்) வெட்டி, காரின் பக்கவாட்டு உருவம் ஒன்றை அதன்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்கிறேன். அந்த உருவத்துக்குக் கிளியரன்ஸ் 120 என்றுதான் வைத்திருக்கிறேன்.