பத்திரத்தில் இருந்த தளவாடம்

போன மாதம் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி காரைக்குடியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். சிங்கப்பூரில் வேலை. கையில் அவருடைய ஐயா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். "வக்கீலண்ணே, இதில் 'தட்டுமுட்டுத் தளவாடச் சாமான்கள்' என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஆயுதம் ஏதும் இருந்ததா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பேப்பரில் 'ராணுவத் தளவாடம்' என்றே படித்து வளர்ந்தவருக்கு அந்தச் சந்தேகம் நியாயம்தான். தளம் என்றால் படை என்றும் பொருள் உண்டு. தளபதி, நாயக்கர் காலத்துத் தளவாய் எல்லாம் அப்படி வந்தவை. தளவாடமும் அந்தக் கூட்டம்தான் என்றே காதுக்குப் படும். ஆனால் வழக்கில் அது வேலைக்கு வேண்டிய கருவி, சாமான் எல்லாவற்றுக்கும் பொது. மின்வாரியத்துக் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் மின் தளவாடங்கள். இலங்கைத் தமிழர் மேசை நாற்காலியைத் தளபாடம் என்பார்கள். துப்பாக்கி, குண்டு என்றால்தான் முன்னால் 'போர்' என்றோ 'ராணுவ' என்றோ ஒட்ட வேண்டியிருக்கிறது. அவர் பத்திரம் சொன்னது இரண்டாங்கட்டில் கிடக்கும் அண்டாவையும் தேக்கு பீரோவையும்.

சரி என்று எழுந்தவர் வாசலில் நின்றார். "மாடியில் ஒரு பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கி கிடக்கிறதே, அதுவும் இந்தச் சாமானில் சேர்த்திதானே?"

மறுபடி உட்காரச் சொன்னேன்.

சேராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. உரிமம் பெற்றவர் காலமானால், துப்பாக்கி யார் கைவசம் இருக்கிறதோ அவர் தாமதிக்காமல் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். மிச்சம் கிடக்கும் தோட்டாவுக்கும் இதேதான். வைத்துக்கொள்ள ஆசை என்றால் தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட பத்திரமே ஆனாலும் இதற்கு உதவாது.

'துருப்பிடித்த பழம்பொருள்தானே' என்பார்கள். பழசு என்பதால் மட்டும் விலக்கு கிடையாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். அதை நாமே முடிவு செய்து பழம்பொருள் கடையில் விலை பேசக் கூடாது. கோணிப்பையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன்!

தம்பியிடம் முதலில் பழைய உரிமப் புத்தகத்தைத் தேடச் சொன்னேன். பத்திரம் இருந்த அதே பெட்டியில், பேரேடுகளுக்கு அடியில் கிடைத்ததாம். ஐயா காலமான பிறகு ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.