கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

நெஞ்சு வலித்தால் யாரும் காத்திருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரே ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்திவிடுவார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு பக்கவாதம் வந்தால் பெரும்பாலும் வலியே இருக்காது. வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணும், கையிலிருந்து டம்ளர் நழுவும், பேச்சு குழறும். “ராத்திரி சரியாத் தூங்கல, கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்” என்று வீட்டிலேயே முடிவு செய்து படுக்க வைத்துவிடுவார்கள். சில்க் போர்டு டிராஃபிக்கை எல்லோரும் திட்டுகிறோம். பெங்களூரில் நரம்பியல் மருத்துவராக நான் பார்த்தவரை, அதைவிட அதிக நேரத்தைத் தின்பது வீட்டுக் கட்டில்தான்.

பக்கவாதத்தோடு ஒருவரைக் கொண்டுவந்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, “கடைசியா எப்போ நல்லா இருந்தார்?” என்பது. பலரும் தாங்கள் கண்டுபிடித்த நேரத்தைச் சொல்வார்கள். “காலைல ஏழு மணிக்குப் பார்த்தோம் டாக்டர், கை கால் விழுந்திருந்துச்சு.” நாங்கள் கேட்டது அதை இல்லை. ராத்திரி பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுத் தூங்கப் போனவரைக் காலை ஏழு மணிக்கு இப்படிப் பார்த்தால், எங்கள் கணக்கு பத்து மணியிலிருந்தே தொடங்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆகவே இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் ஊசி உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது.

அல்சூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். ஏழரை மணிக்கு மகன் பார்த்தபோது ஹால் சோபாவில் சாய்ந்து கிடந்திருக்கிறார். வலது கை அசையவில்லை, பேச்சு சுத்தமாக இல்லை. கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று கேட்டால், “நேத்து ராத்திரி சாப்பிட்டப்போ, ஒம்பது மணி இருக்கும்” என்கிறார் மகன். அப்படியென்றால் ஊசிக்கு வழியில்லை. அப்போது மருமகள் குறுக்கிட்டார்: “இல்ல டாக்டர், மாமா பால் வாங்கிட்டு வந்திருக்காரு. பாக்கெட் கிச்சன்ல இருந்துச்சு.” பெரியவரின் போனை எடுத்துப் பார்த்தோம். நந்தினி பால் பூத்துக்குக் காலை 6.12-க்குப் பணம் போயிருந்தது. தானே நடந்து போய், ரகசிய எண்ணைத் தப்பில்லாமல் போட்டுப் பணம் அனுப்பியவருக்கு அந்த நிமிஷம் வரை மூளை ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. பூத்காரரையும் போனில் பிடித்துக் கேட்டுக்கொண்டோம். சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒன்பது மணிக்கு முன்னால் ஊசி போட்டாயிற்று. நாலாம் நாள் வாக்கர் பிடித்து நடந்தார். பேச்சு திரும்புவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆனது.

ஆகவே, வரும் வழியிலேயே இந்த நேரத்தைத் தேடிப் பிடியுங்கள். கடைசியாகப் போனில் பேசியது யாரிடம், வாட்ஸ்அப்பில் கடைசியாக என்ன அனுப்பினார், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி எப்போது பார்த்தார், எல்லாம் உதவும். அவரைக் கடைசியாகப் பார்த்தவர் யாரோ அவரையும் கூடவே கூட்டி வாருங்கள், முடியாவிட்டால் அவர் நம்பரையாவது.

இந்த அவசரம் ஏன்? மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கு வேண்டும். சேமிப்பு என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிஷத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ல் ஒரு கணக்கு வெளியானது. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் போவதில்லை. அடைப்பின் நடுப்பகுதி சீக்கிரம் செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதி, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் கொஞ்ச ரத்தத்தில், வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் சிகிச்சை முழுவதும் அந்தச் சுற்றுப்பகுதிக்காகத்தான். செத்ததைத் திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது.

சி.டி. எதற்கு என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அடைப்பினால் வந்த பாதிப்பு முதல் சில மணி நேரத்தில் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. ரத்தக்கசிவு இருந்தால் உடனே வெள்ளையாகத் தெரியும். கசிவு இருப்பவருக்குக் கரைக்கும் ஊசி போட்டால் ஆளே போய்விடுவார். அதனால்தான் முதலில் சி.டி. “ஸ்கேன் நார்மல்னு சொன்னாங்க, அதான் வீட்டுக்குப் போயிட்டோம்” என்று மறுநாள் வருகிறவர்கள் உண்டு. வாய் கோணி, கை விழுந்தவருக்கு ஸ்கேன் நார்மல் என்றால், ஊசிக்கு இன்னும் நேரம் இருக்கக்கூடும் என்று அர்த்தம். சி.டி. இல்லாத நர்சிங் ஹோமில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இதே போன்ற இழப்புதான். 108-ஐக் கூப்பிடும்போதே, சி.டி.யும் பக்கவாத சிகிச்சையும் 24 மணி நேரமும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

ஊசி என்று நான் சொல்வது ஆல்டெப்ளேஸ் அல்லது டெனெக்டெப்ளேஸ். முதலாவது பலன் தரும் என்று 1995-ல் நிரூபணமானது. அப்போது கெடு 3 மணி நேரம், 2008-ல் வந்த ஆய்வுக்குப் பிறகு அது 4.5 ஆனது. இரண்டாவதை ஒரே தள்ளலில் போட்டுவிடலாம். பெரிய குழாய் அடைத்திருந்தால் ஊசி மட்டும் போதாமல் போகலாம். தொடை வழியாகக் கம்பி செலுத்தி மூளைக்குழாய் வரை போய், ரத்தக்கட்டியைப் பிடித்து வெளியே இழுக்கிறோம். இது 2015-க்குப் பிறகு வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. 2018-லிருந்து, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறோம். தூக்கத்திலேயே வந்துவிட்ட பக்கவாதத்திலும் எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிலருக்கு ஊசி போட முடிகிறது. ‘லேட் ஆயிடுச்சு, இனிமே என்ன’ என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம் சம்மதக் கையெழுத்து. இந்த ஊசியால் மூளையில் ரத்தம் கசியலாம். 1995 ஆய்வில் நூற்றில் சுமார் ஆறு பேருக்கு அப்படி ஆனது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னதும் மகன் போனோடு வராந்தாவுக்குப் போய்விடுவார். தர்மபுரியில் இருக்கும் பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். பெரியப்பா போனை எடுக்க மாட்டார். எடுத்தால், “அவசரப்படாதீங்க, நான் கிளம்பி வரேன்” என்பார். தர்மபுரி பஸ் வரும்வரை மூளை காத்திருக்காது என்று நானே பெரியப்பாவிடம் பேசியிருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, குடும்பத்தில் மூத்தவர், கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கசிவு அபாயத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும், ஊசி போடாதவர்களைவிட ஊசி போட்டவர்களில் அதிகம் பேர் மூன்று மாதத்தில் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள் என்று அதே ஆய்வு காட்டியது. வீட்டில் பிரஷர், சுகர், இதய நோய் உள்ளவர்கள் இருந்தால் இந்தப் பேச்சை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

வீட்டில் செய்யும் சில உதவிகள் கெடுதலாக முடிகின்றன. மயங்கியவர் வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றுவது ஒன்று. விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கும். ஊற்றியது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். பி.பி. 190 இருக்கிறதென்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பது இன்னொன்று. அடைப்பு இருக்கும்போது அந்த அழுத்தம்தான் சுற்றுப்பகுதிக்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஊசி போடுவதாக இருந்தால் 185/110-க்குக் கீழே நாங்களே மெதுவாகக் கொண்டுவருவோம். இல்லையென்றால் பெரும்பாலும் 220/120 வரை விட்டுவைப்போம். ஆஸ்பிரினும் ஸ்கேனுக்கு முன்னால் வேண்டாம். புறா ரத்தம் பூசுவது இன்னும் நடக்கிறது. படித்தவர்கள் வீட்டிலும் நடக்கிறது. அதனால் போகும் நேரத்துக்கு ஈடு கிடையாது.

பதினைந்து நிமிஷம் கை மரத்து, தானாகச் சரியாகிவிட்டால் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள். நேர்ந்துகொள்ளுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள். பெரிய அடைப்பு வரும் ஆபத்து அடுத்த 48 மணி நேரத்தில்தான் அதிகம். இன்னொன்று, சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து இளம் வயதிலேயே பக்கவாதம் வரக் காரணமாகலாம்.

ஆஸ்பத்திரியில் முதல் வாரம் குடும்பத்தைக் கலங்கடிப்பது வீக்கம். முதல் நாள் கண் திறந்து பார்த்தவர் மூன்றாம் நாள் மயங்கிக் கிடப்பார், “நல்லா இருந்தவரை என்ன பண்ணீங்க?” என்று சண்டை வரும். பெரிய அடைப்பில் மூளை வீங்குவது இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை அதிகமாகும். சிலருக்கு மண்டையோட்டின் ஒரு பகுதியைக் கழற்றி வைத்து இடம் கொடுத்தால்தான் உயிர் பிழைப்பார். அந்த எலும்பைப் பிறகு திரும்பப் பொருத்துவோம்.

பேச்சு விஷயம் நம்மைப் போன்ற பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனிச் சிக்கல். டியூட்டி டாக்டர் கன்னடத்திலோ இந்தியிலோ கேட்பார், நோயாளி விழிப்பார். மொழி தெரியாததால் விழிக்கிறாரா, மூளையில் மொழிப்பகுதி அடிபட்டதால் விழிக்கிறாரா என்பது வெளியாளுக்குத் தெரியாது. சிலர் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இருக்காது; குடித்திருக்கிறார் என்று ஓரமாக உட்கார வைக்கப்பட்டவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். “இவர் இப்படிப் பேசுறவர் இல்ல” என்று நீங்கள்தான் உரக்கச் சொல்ல வேண்டும்.

பேச்சுப் பயிற்சிக்கும் இது பொருந்தும். தெரபிஸ்டுக்குத் தமிழ் வராது என்றால், வீட்டில் அவர் தினமும் புழங்கும் சொற்களை, பேரன் பேத்தி பெயர்கள் உட்பட, ஒரு தாளில் எழுதி உச்சரிப்போடு கொடுங்கள். பால் பூத் பெரியவருக்கு முதலில் திரும்பி வந்தது ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’தான். எண்கள், கிழமைகள், மனப்பாடமான பாட்டு எல்லாம் சாதாரணப் பேச்சுக்கு முன்பே வரும். மருமகள் அதிலிருந்து ஆரம்பித்தார்: தட்டில் இட்லியை வைத்து எண்ணச் சொல்லி, மூன்றில் நிறுத்தி, அடுத்தது என்ன வேண்டும் என்று கேட்பார்; ‘சட்னி’ வர ஆறு வாரம் ஆனது.