வேலை இல்லாதவர்களின் நேரம் எங்கே போகிறது?

வேலையை இழந்து ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கப் போனது வரை என்ன செய்தீர்கள்?" எழுந்தது, காபி குடித்தது, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டது வரை சரளமாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பேச்சு தடுமாறும். "அப்புறம்... போன் பார்த்துட்டு இருந்தேன். அப்படியே மதியம் ஆயிடுச்சு." அதற்கு மேல் மாலை வரைக்கும் கணக்கே வராது.

இதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் இருப்பது கோவையில். என்னிடம் வருகிறவர்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பம்ப் தயாரிப்பு யூனிட்டுகளிலும் ஐ.டி. அலுவலகங்களிலும் இருந்தவர்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு முழுக்கக் கண்விழித்து, சரக்கு லாரி ஏறிய பிறகே வீடு திரும்பியவர்கள். அதே ஆள் இன்று ஒரு பயோடேட்டாவைத் திருத்தி அனுப்ப இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறார் என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அந்தக் காரணத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் மரியந்தால் என்ற ஊர் நினைவுக்கு வரும். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே உள்ள சிற்றூர் அது. ஊரே ஒரு துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. பொருளாதார மந்தத்தில் 1929-30இல் ஆலை மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் இருந்த ஆய்வுக் குழு அந்த ஊருக்குள் போய், மக்களோடு பழகி, பார்த்ததை எழுதி 1933இல் வெளியிட்டது. வேலையின்மையைப் பற்றி இன்றும் படிக்கப்படும் ஆய்வு அது.

அவர்கள் கண்டது இதுதான். ஊரில் தொழிலாளர்களுக்கென்று ஒரு நூலகம் இருந்தது. ஆலை ஓடியபோது, வேலை முடிந்து களைத்து வந்தவர்கள் அங்கே புத்தகம் எடுத்துப் படித்தார்கள். ஆலை மூடிய பிறகு நாள் முழுக்க நேரம் கிடைத்தது, நூலகக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஆனாலும் எடுத்துச் செல்லப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. தெருவில் போவோர் வருவோரை மறைவாக இருந்து கடிகாரம் வைத்துக் கவனித்தபோது, ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் அவர்களுக்கு இல்லை. நேற்றைய பொழுதை மணிக்கணக்காக எழுதித் தரச் சொன்னபோது, ஒருவர் பத்து முதல் பதினொன்று வரையான கட்டத்தில் எழுதியது: "இதற்கிடையில் நண்பகல் ஆகிவிடுகிறது." என் அறையில் இன்று கேட்கும் அதே வாக்கியம், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு மொழியில்.

பெண்களின் நிலை வேறாக இருந்தது. அவர்களும் அதே ஆலையில் வேலை இழந்தவர்கள்தான். ஆனால் சமையல், துவையல், குழந்தைகள் என்று அவர்களுடைய நாள் நிறைந்திருந்தது. வேகமாக நடந்தார்கள். சம்பளம் போனதே தவிர, யாரோ ஒருவர் அவர்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பது போகவில்லை.

வேலை சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார்: நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், ஓர் அடையாளம், உடலும் மனமும் இயங்கும் கட்டாயம். வேலை போகும்போது இவை ஐந்தும் ஒரே நாளில் போகின்றன. நாம் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

இதனால்தான் சுவரில் ஒட்டும் டைம்டேபிளில் எனக்கு நம்பிக்கை குறைவு. காலை ஐந்துக்கு யோகா, ஆறுக்கு ஆங்கிலம், ஏழுக்குச் செய்தித்தாள் என்று எழுதி ஒட்டுவார்கள். நாலாவது நாள் அது உடைந்துவிடும், உடைந்த பிறகு "என்னால் இதுகூட முடியவில்லை" என்ற நினைப்பு கூடுதலாக வந்து உட்காரும். தனக்குத் தானே கொடுத்த நேரத்தை மீறினால் கேட்க யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். அலுவலகத்தில் நாம் ஒன்பது மணிக்குப் போய் நின்றது மனவலிமையால் அல்ல, போகாவிட்டால் யாராவது போன் செய்வார்கள் என்பதால். ஆகவே நான் சொல்வது: நாளில் ஒரு முறையாவது, குறிப்பிட்ட நேரத்தில், வீட்டுக்கு வெளியே உங்களை ஒருவர் எதிர்பார்க்கும்படி செய்யுங்கள். மீதியை அதைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குகிற பையர்களிடம் ஆர்டர் பேசி முடிப்பவராக இருந்தவர், நாற்பதை நெருங்கும் வயது. மனைவி வேலைக்குப் போகிறார். இவர் விடிகாலை மூன்று மணிவரை போனில் வேலை ஆப்களைத் தள்ளிக்கொண்டே இருப்பார், எழுவதற்குப் பதினொன்று ஆகிவிடும். வேலை தேடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரே ஒரு ஏற்பாடு செய்யச் சொன்னேன். அவருடைய தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் காலை ஆறரைக்குக் கணக்குச் சொல்லித் தருவது. பணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஆறரைக்கு வாசலில் பிள்ளைகள் நோட்டோடு நிற்பார்கள். அதனால் ஆறுக்கு எழ வேண்டும், அதனால் இரவு பதினொன்றுக்குப் போனை வைக்க வேண்டும். தூக்கம் சீராவதற்கே ஒரு மாதம் போனது. அதன் பிறகுதான் அவரால் பழைய பையர் தொடர்புகளையும் உடன் வேலை பார்த்தவர்களையும் கூப்பிட்டுப் பேச முடிந்தது. அதுவரை, என்ன கேட்பார்களோ என்று அவர்களுடைய அழைப்பைக்கூட எடுக்காமல் இருந்தார்.

வேலை தேடுவதைக் காலையில் இரண்டு மூன்று மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள். நாள் முழுக்கத் தேடினால் நாள் முழுக்க நிராகரிக்கப்படுவது போலத்தான் இருக்கும். அந்த நேரத்திலும் ஆப்பில் விண்ணப்பிப்பதைவிட மனிதர்களிடம் பேசுவதற்குக் கூடுதல் இடம் கொடுங்கள். கோவை, திருப்பூர் பக்கத்துச் சிறு நிறுவனங்கள் பல எந்த இணையத்திலும் விளம்பரம் செய்வதில்லை. கேட்டில் "ஆட்கள் தேவை" என்று ஒரு பலகை தொங்கும், அல்லது இருக்கிற ஊழியரிடம் "யாராச்சும் இருந்தா சொல்லுப்பா" என்பார்கள். அந்த "யாராச்சும்" நீங்களாக இருக்க, நீங்கள் வேலை தேடுவது நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை போனதை மறைப்பவர்கள் இந்த வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள்.

கற்றுக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்து எதையும் முடிக்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்று போதும், அதற்கும் கெடு தேதி இருக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளை நான் பரிந்துரைப்பதற்கு இதுதான் காரணம். படிப்பது இலவசம், வாரந்தோறும் குறித்த நாளுக்குள் அசைன்மென்ட் அனுப்ப வேண்டும், கடைசியில் நேரில் போய்த் தேர்வு எழுதினால் சான்றிதழ். தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கிராமப்புறத்தில் இருப்பவர்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. தங்குமிடமும் சாப்பாடும் தந்து இலவசமாகத் தொழில் கற்றுத்தருகிறார்கள். இருபது முப்பது பேரோடு தங்கிக் கற்பது, தனியாக யூடியூப் பார்ப்பதைவிட ஆளை வேகமாக எழுப்பிவிடுகிறது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். வீட்டில் தனியறையில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் படிப்பதைப் போலத் தனிமையான வேலை வேறு இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்புகளும் மாதிரித் தேர்வுகளும் நடக்கின்றன. பாடம் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தாலும் போங்கள். அங்கே உங்கள் நாற்காலி காலியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். எத்தனை முறை எழுதுவது என்பதையும் ஆரம்பத்திலேயே வீட்டாரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தேர்வு முடிவு வந்த இரவில் எடுக்கும் முடிவு தெளிவாக இருக்காது.

இனி வீட்டாருக்கு. "சும்மாதானே இருக்கே" என்று ஆரம்பித்து கரண்ட் பில், ரேஷன், கேஸ் சிலிண்டர், அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என ஒவ்வொன்றாக வேலை இல்லாதவர் தலையில் விழும். வீட்டு வேலையைப் பகிர்வது நல்லதுதான், அது அவரவர் கடமையும்கூட. ஆனால் எந்த நேரமும் கூப்பிடலாம் என்ற நிலை வரக் கூடாது. பத்து முதல் ஒன்று வரை அவருடைய நேரம், அதைத் தொட மாட்டோம் என்று வீட்டில் பேசி வையுங்கள்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம். குழந்தை பிறந்ததற்காக வேலையை விட்டு, மூன்று நான்கு வருடம் கழித்துத் திரும்ப நினைக்கும் பெண்கள் அடிக்கடி வருகிறார்கள். அவர்களிடம் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் கணக்கு நிமிட நிமிடமாக வரும். அந்தக் கணக்கில் அவர்களுக்கென்று அரை மணி நேரம்கூட இருக்காது. அவர்கள் லேப்டாப்பைத் திறந்தால் குக்கர் விசில் அடிக்கும், மாமியார் கூப்பிடுவார். வீட்டுக்குள் உட்கார்ந்து இதைத் தீர்க்க முடியாது என்பது என் அனுபவம். மாவட்ட மைய நூலகத்துக்கோ தோழியின் வீட்டுக்கோ பயிற்சி வகுப்புக்கோ தினம் இரண்டு மணி நேரம் வெளியே போக வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்பதைக் கணவர் ஏற்பாடு செய்ய வேண்டும். இதில் கணவரோடு ஒருமுறையாவது நேரில் பேசாமல் நான் விடுவதில்லை.

பணக் கவலை இரவுத் தூக்கத்தைத் தின்னும். அதனால் பண வேலைகளை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் உண்டு. வேலை இழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாட்கள் வரை தரும், வாழ்நாளில் ஒருமுறை. திட்டம் இப்போது நடப்பில் உள்ளதா, தகுதி விதிகள் என்ன என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோமா என்றும் பாருங்கள். மதிய வேளையின் வெறுமையில் லோன் ஆப், ஆன்லைன் ரம்மி, மதுக்கடை ஆகிய மூன்றின் பக்கமும் கால் போகும். போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். கடன் சிறியதாக இருக்கும்போது சொல்வது எளிது.

இவ்வளவும் செய்யப் பார்த்தும் உடம்பு எழவே மறுக்கிறது என்றால் அதை நேர மேலாண்மைப் பிரச்சினையாக நினைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி இரண்டும் கெட்டிருப்பது, பிடித்த விஷயத்தில்கூட மனம் ஒட்டாமல் போவது, தான் வீட்டுக்குப் பாரம் என்ற பேச்சு அடிக்கடி வருவது எல்லாம் மனச்சோர்வின் அறிகுறிகள். மருந்தாலும் ஆலோசனையாலும் குணப்படுத்தக்கூடிய நோய் அது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர் பேசத் தயங்கினால் வீட்டில் இருப்பவர் முதலில் அழைத்துப் பேசுங்கள்.