மரத்தையும் துருவையும் கறுக்க வைக்கும் ஒரே வேதிவினை

பழைய ஓக் மேஜையில் இரும்பு ஆணி இறங்கியிருக்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். ஆணியைச் சுற்றிக் கருநீலமாக ஒரு வளையம் இருக்கும். அழுக்கு என்று நினைத்து சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஈரம் பட்ட ஆணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்த இரும்பு, மரத்துக்குள் இருக்கும் டானினோடு சேர்ந்து உண்டாக்கிய புதுப் பொருள் அது. மரத்தின் நாரிலேயே ஊறிப் பிடித்திருக்கிறது.

வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய இழுப்பறையையும் அலமாரியையும் விண்டேஜ் பாணியில் மாற்றி கேரேஜில் வைக்க விரும்புகிறவர்கள் முதலில் தேடுவது பழுப்பு பெயின்ட். எனக்கு அது சரியான வழியாகப் படவில்லை. பெயின்ட் மரத்தின் ரேகையை மூடிவிடும். ஆணி பல வருடங்களில் செய்த வேலையை நாம் ஒரே நாளில் மரம் முழுக்கச் செய்ய முடியும் என்றால், மரத்தை எதற்கு மூட வேண்டும்?

டானின் என்பது துவர்ப்பு. கடுக்காயிலும் கடுந்தேநீரிலும் நாக்கைச் சுருக்குவது அதுதான். தோல் பதனிடுவதற்கும் அதைப் பயன்படுத்துவதுண்டு. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க மரம் இதைத் தனக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. இனி இதற்கு இரும்பைக் கொடுக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குடுவையில் வெள்ளை வினிகரை ஊற்றி, அதில் ஸ்டீல் வுல் எனப்படும் மெல்லிய இரும்பு நார்ச்சுருளைப் பிய்த்துப் போட்டால் போதும். துரு பிடிக்காமல் இருக்க அதன் மேல் எண்ணெய் பூசியிருப்பார்கள். முதலில் சோப்பால் கழுவிவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் இதற்கு உதவாது. அதிலுள்ள குரோமியம் மெல்லிய ஆக்சைடு படலமாக மாறி இரும்பைக் காத்துக்கொள்ளும்.

வினிகரில் 4 முதல் 5 சதவீதம் வரை அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அது இரும்பைக் கரைத்து இரும்பு அசிட்டேட்டாக மாற்றும்போது ஹைட்ரஜன் வாயு குமிழியாக வெளியேறும். அதனால் குடுவையை இறுக்கி மூடக் கூடாது, பக்கத்தில் நெருப்பும் இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு நாள் ஊறியபின் துணியில் வடிகட்டி, தூரிகையால் மரத்தில் பூசலாம்.

பூசியவுடன் தண்ணீர் தடவியதுபோலத்தான் இருக்கும். ஏமாற வேண்டாம். கரைசலில் இருப்பது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. அது டானினோடு சேர்ந்தாலும் நிறம் அதிகம் தெரியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இன்னொரு எலக்ட்ரானையும் பறித்த பிறகுதான் கருநீலம் பிறக்கிறது. உங்கள் கண்ணெதிரே சில நிமிடங்களில் மரம் கறுக்கத் தொடங்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட மையும் இதே வினையால் ஆனது. எழுதும்போது வெளிறி இருக்கும், காகிதத்தில் காயக் காயக் கறுக்கும்.

எவ்வளவு கறுக்கும் என்பது மரத்தைப் பொறுத்தது. ஓக்கும் வால்நட்டும் நன்றாகக் கறுத்துவிடும். பைனில் டானின் குறைவு, சாம்பல் பூத்ததுபோல நின்றுவிடும். அதற்கும் வழி இருக்கிறது. கடுந்தேநீரை முதலில் பூசிக் காயவிட்டு, அப்புறம் இரும்புக் கரைசலைப் பூசுங்கள். மரத்திடம் இல்லாத டானினைத் தேயிலை கொடுத்துவிடும்.

இதெல்லாம் வெறும் மரத்தில்தான் நடக்கும். வார்னிஷோ பெயின்டோ இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்கா 1978-இல்தான் வீட்டுப் பெயின்ட்டில் அதைத் தடை செய்தது. பல நாடுகள் அதற்கும் பிறகு. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம் அது. வயதான பெயின்ட்டைச் சோதிக்காமல், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது.

கறுப்பு வேண்டாம், வெயிலில் கிடந்த பலகையின் வெள்ளிச் சாம்பல்தான் வேண்டும் என்பவர்களும் உண்டு. அந்த நிறத்தின் கதை வேறு. மரநார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின், புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைகிறது. மழை அதைக் கழுவிவிட, மரநாரின் முக்கியப் பொருளான வெளிறிய செல்லுலோஸ் மிஞ்சுகிறது. இத்தனையும் நடப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில்தான். சாம்பலான பலகையை லேசாக இழைத்தாலே உள்ளிருக்கும் புது மரம் தெரிந்துவிடும்.

கீல், கைப்பிடி போன்ற இரும்புப் பாகங்களைக் கழற்றி எறிய வேண்டாம். துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் பொருக்காக உதிர்ந்து, உள்ளே இருக்கும் இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடும். தளர்ந்த துருவைச் சுரண்டிவிட்டு டானின் வகையைச் சேர்ந்த டானிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசினால், மிச்சமிருக்கும் துரு கறுத்து நிலையான படலமாகிவிடும். மரத்தைக் கறுக்க வைத்த அதே இரும்பு டானின் சேர்மம்தான் இதுவும்! கதவும் கைப்பிடியும் ஒரே குடும்பத்து நிறத்தில் வந்து நிற்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கேரேஜின் ஈரப்பதம் வீட்டுக்குள் இருப்பதைவிட அதிகமாக ஏறி இறங்கும். மரம் அதற்கேற்ப ரேகைக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும். ரேகையின் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலமான மேஜைப் பலகையைக் கருவி மாட்டும் பலகையாகச் சுவரில் பதிக்கும்போது நான்கு மூலையிலும் திருகாணியை இறுக்கிவிட்டால் ஒருநாள் அது வெடிக்கும். ஒரு பக்கத்துத் துளைகளை ரேகைக்குக் குறுக்காக நீளமாக வெட்டிவிட்டால் பலகை நகர இடம் கிடைக்கும்.

கடைசியில் பலர் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். அது வெறுமனே காய்வதில்லை, ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிவரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலேயே துணி பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடிக் கட்டிடமான ஒன் மெரிடியன் பிளாசா எரிந்ததற்கும், அதில் 3 தீயணைப்பு வீரர்கள் இறந்ததற்கும் தொடக்கம் இப்படி விட்டுவைத்த துணிகள்தான். கேரேஜில் பெட்ரோலும் இருக்கும். அந்தத் துணியை வெளியே எடுத்துப்போய், மடிப்பில்லாமல் விரித்து, விறைக்கும்வரை காயவிடுங்கள்.