ரெண்டரை மணிக்கு வந்து நின்னா நல்ல ஜெர்மன் சாப்பாடு கிடைக்காதுங்க

போன ஞாயித்துக்கிழமை மதியம் 2:20 இருக்கும். அடுப்பெல்லாம் அணைச்சு கிச்சனை கழுவிட்டு இருக்கோம், சர்வீஸ் பொண்ணு உள்ள வந்து "உங்க ஊர்க்காரங்க மாதிரி தெரியுது, கொஞ்சம் வந்து பேசு"ன்னு கூப்பிட்டா. வெளிய போனா இங்க ஜெர்மனில எர்லாங்கன்ங்குற ஊர்ல வேலை பாக்குற ஒரு அண்ணன், ரெண்டு சின்ன பசங்க, கூட ஊர்ல இருந்து விசிட்டிங் விசால வந்திருக்குற அவரோட அப்பா அம்மா. "சூடா ஏதாவது கிடைக்குமா தம்பி"ன்னு அந்த அம்மா கேக்குறாங்க. இல்லம்மா, கிச்சன் மூடியாச்சுன்னு சொல்லும்போதே எனக்கு கஷ்டமா இருந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க சொன்னதுதான் இந்த போஸ்ட்ட எழுத வெச்சது. "நேத்து டவுன்ல சாப்பிட்ட அந்த உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும் இருந்தா கூட போதும்ப்பா, நான் சுத்த சைவம், அது ஒண்ணுதான் எனக்கு ஒத்து வந்துச்சு."

அந்த குழம்பு பன்னிக்கறி வறுத்தப்போ இறங்குன சாறுங்க. சொல்றதா வேணாமான்னு ஒரு நிமிஷம் நின்னேன், அப்புறம் சொல்லிட்டேன், இல்லைன்னா நாளைக்கும் அதையேதான் கேட்டு வாங்குவாங்க. அவங்க ஒண்ணும் பேசல, கைல இருந்த தண்ணி பாட்டில மூடி மூடி திறந்துட்டே இருந்தாங்க. இந்த வருஷம் இது முதல் தடவையும் இல்ல.

நான் இங்க மூணு வருஷம் அவுஸ்பில்டுங் (வேலை பாத்துட்டே படிக்குற தொழிற்படிப்பு) படிச்சு முடிச்ச குக், பவேரியாவோட வடக்குல ஃப்ராங்கன் பக்கம் ஒரு கிராமத்து காஸ்ட்ஹோஃப் (நம்ம ஊர் லாட்ஜோட சேர்ந்த ஹோட்டல் மாதிரி) கிச்சன்ல வேலை. "ஜெர்மன் சாப்பாடா, உப்பும் இல்ல உறைப்பும் இல்ல, சாசேஜும் கிழங்கும்தான்"னு நம்மாளுங்க சொல்லும்போது எனக்கு வர்ற கோவம் சாப்பாட்டு மேல இல்ல, அத எங்க போய் எத்தன மணிக்கு சாப்பிட்டாங்கங்குறது மேலதான்.

முதல்ல அந்த சைவ விஷயத்த பேசிடுறேன், ஏன்னா எல்லாத்துலயும் மோசமான தப்பு அதுதான். கறித்துண்டு கண்ணுல படலைன்னா அது வெஜ்ஜுன்னு நினைச்சுக்குறாங்க. இல்லைங்க, இல்லவே இல்லைங்க. க்ளோஸ் மிட் சோஸ்னு ஃப்ராங்கன்ல குழந்தைங்களுக்கு கொடுக்குற சாப்பாடு, க்ளோஸ்னா அந்த கிழங்கு உருண்டைதான், மேல ஊத்துற சோஸ் கறியில வந்தது. தெக்குப் பக்கம் உருளைக்கிழங்கு சாலட் மயோனைஸ் இல்லாம இருக்கே, லேசா புளிப்பா நல்லாருக்கேன்னு சாப்பிடுவீங்க, அந்த ஈரம் வினிகரும் பெரும்பாலும் மாட்டெலும்பு சூப்பும். சார்க்ரவுட் முட்டைகோஸ்தான், ஆனா பன்னிக்கொழுப்புலயோ பேக்கன் போட்டோ வேகவெப்பாங்க. வறுத்த உருளைக்கிழங்குல பொடிப்பொடியா ஷ்பெக் கிடக்கும், அது பன்னி. தென்மேற்குல ஷ்வாபன் பக்கத்து மவுல்டாஷன், மாவுக்குள்ள பூரணம் வெச்சு வேகவெக்குறது, அத வெட்டுனா பச்சையா கீரை தெரியும், அந்த கீரையோடயே கொத்துக்கறியும் இருக்கும். அது நோன்பு நாள்ல கடவுள் கண்ணுல படாம கறிய மாவுக்குள்ள ஒளிச்சு வெச்சு சாப்பிட்டதுன்னு அந்த ஊர்க்காரங்களே கதை சொல்வாங்க. கடவுளுக்கே தெரியாதுன்னு சொல்ற சாப்பாட்ட நீங்க பாத்த உடனே எப்படி கண்டுபிடிப்பீங்க?

மெனுல பேருக்கு பக்கத்துல சின்னதா எழுத்தும் நம்பரும் போட்டிருக்கே, அதுல கறி பத்தி இருக்கும்னு நம்பாதீங்க. அது அலர்ஜிக்கு போடுறது, கோதுமை, முட்டை, பால், மீன் மாதிரி 14 விஷயம், கூட சில சேர்மானத்துக்கு நம்பர். பன்னியோ மாடோ அலர்ஜி லிஸ்ட்லயே கிடையாது. அதனால வாயத் திறந்து கேளுங்க, "இஸ்ட் டா ஃப்ளைஷ்ப்ரூயே ஓடர் ஷ்பெக் டிரின்?", இதுல கறி சூப்போ பேக்கனோ இருக்கான்னு அர்த்தம். "வெஜிடேரியனா?"ன்னு மட்டும் கேட்டா சில பெரியவங்க "ஆமா கறி இல்ல"ன்னு சொல்லிடுவாங்க, அவங்க கணக்குல சோஸ் கறியில சேராது. யாரும் ஏமாத்தணும்னு சொல்றதில்ல, ஆனா வயித்துக்குள்ள போறது உங்களுக்குத்தானே.

சைவத்துக்கு நல்ல சாப்பாடே இல்லையான்னா நிறைய இருக்கு. முட்டை ஓகேன்னா கேஸ-ஷ்பெட்ஸ்லே, மாவ கொதிக்கிற தண்ணில தேய்ச்சு விட்டு சீஸோட புரட்டி மேல மொறுமொறு வெங்காயம். ஃப்ராங்க்ஃபுர்ட் போனா க்ரூன சோஸ், ஏழு விதமான பச்சை இலைய பொடியா நறுக்கி புளிச்ச க்ரீம்ல கலந்து அவிச்ச முட்டை, உருளைக்கிழங்கோட தருவாங்க. எங்க பக்கம் துருவுன கிழங்குல பாக்கர்ஸ் சுட்டு ஆப்பிள் மசியலோட வெப்போம், எண்ணெயிலயா கொழுப்புலயா சுடுறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

சரி, நேரம். கிராமத்து காஸ்ட்ஹோஃப்ல கிச்சன் பெரும்பாலும் 11:30ல இருந்து 2 வரைக்கும், அப்புறம் சாயந்திரம் அஞ்சரை ஆறுல இருந்து எட்டரை ஒன்பது வரைக்கும்தான். நடுவுல பீர் கிடைக்கும், ரொட்டியும் சீஸும் கிடைக்கும், சூடா கிடைக்காது. அன்னிக்கு அவங்களுக்கும் ரொட்டியும் ஒபாட்ஸ்டாவும்தான் (ரொட்டில தடவிக்குற சீஸ் மசியல்) கொடுக்க முடிஞ்சது. கதவுல ரூஹடாக்னு போட்டிருந்தா அன்னிக்கு லீவு, திங்களோ செவ்வாயோ இருக்கும். நாள் முழுக்க சூடா கிடைக்கும்னு போர்டு வெச்சு, சர்ச் எதிர்லயே, ஆறு மொழில போட்டோ மெனு வெச்சிருக்குற இடத்துல எப்பவும் கிடைக்கும்தான். அங்க பெரும்பாலும் பாக்கெட் சோஸ், முன்னாடியே மாவு தடவி ஃப்ரீஸர்ல வெச்ச ஷ்னிட்ஸல் (மெல்லிசா தட்டி ரொட்டித்தூள்ல புரட்டி பொரிக்குற கறி). நல்ல ஷ்னிட்ஸல்னா வாணலில நிறைய கொழுப்பு விட்டு ஆட்டி ஆட்டி பொரிக்கணும், அப்பதான் மேல் தோல் கறிய விட்டு எழும்பி அலை அலையா நிக்கும். இன்னொண்ணு, வீனர் ஷ்னிட்ஸல்னா கன்னுக்குட்டி கறி, "வீனர் ஆர்ட்"னு இருந்தா பெரும்பாலும் பன்னி. மாடு சாப்பிடாதவங்க ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க.

எங்க ஊர் ஷொய்ஃபலேவ எடுத்துக்கோங்க. பன்னியோட தோள்பட்டை, எலும்போடயும் தோலோடயும். தோல்ல கட்டம் கட்டமா கீறி, உப்பும் க்யும்மலும் தேய்ச்சு (பாக்க சீரகம் மாதிரி இருக்கும், வாசனை வேற), வெங்காயம், கேரட் மேல உக்கார வெச்சு, கருப்பு பீர் ஊத்தி ஏறக்குறைய மூணு மணி நேரம் அவன்ல. கடைசில சூடு ஏத்துனா தோல் பொரிஞ்சு அப்பளம் மாதிரி கொப்புளிக்கும். காலைல எத்தன உள்ள போச்சோ அத்தனதான் அன்னிக்கு. ஞாயித்துக்கிழமை ஒண்ணரைக்கு தீர்ந்துடும், தீர்ந்தா தீர்ந்ததுதான், மைக்ரோவேவ்ல வெச்சு தர்ற சாப்பாடு இல்ல அது. கூட வர்ற க்ளோஸ கத்தியால வெட்டாதீங்க, ஃபோர்க்கால பிச்சா உள்ள வறுத்த ரொட்டித் துண்டு இருக்கும், பிச்ச இடத்துலதான் சோஸ் ஊறும்.

அப்புறம் எந்த ஊருக்கு போறீங்களோ அந்த ஊர் சாப்பாட்ட கேளுங்க. ஹாம்புர்க் போயிட்டு வெள்ளை சாசேஜ் கேக்குறது ஊட்டில போய் திருநெல்வேலி அல்வா தேடுற மாதிரி. அங்க மீன் ரொட்டி வாங்குங்க. அந்த வெள்ளை சாசேஜ் ம்யூனிக்ல காலைல சாப்பிடுறது, மதியம் 12 மணி அடிக்குறதுக்குள்ள முடிச்சுடணும்னு பழக்கம். ந்யூர்ன்பெர்க் சாசேஜ் 7ல இருந்து 9 சென்டிமீட்டர்தான், சின்னதா கொடுத்துட்டாங்கன்னு சண்டை போடாதீங்க, 2003ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல பேருக்கு பாதுகாப்பு வாங்குன சாசேஜ் அது, அளவே அதான். கோல்ன்ல "ஹால்வர் ஹான்"னு இருக்கும், பாதி கோழின்னு அர்த்தம் வரும், வர்றது ரை ரொட்டியும் சீஸும். கூகுள் ட்ரான்ஸ்லேட்ட நம்பி பசங்களுக்கு ஆர்டர் பண்ணிட்டு திட்டாதீங்க.

பட்ஜெட் இடிச்சா கசாப்புக் கடைக்குப் போங்க, மெட்ஸ்கராய்ல மதியம் சூடான கவுண்டர் இருக்கும், வேலைக்குப் போறவங்க வரிசைல நிக்குற கடைன்னா தயங்காம நீங்களும் நில்லுங்க. காஸ்ட்ஹோஃப் தேடும்போதும் வாசல்ல "சொந்த மெட்ஸ்கராய்"னு எழுதியிருக்கா, கரும்பலகைல அன்னிக்கு மட்டும் நாலஞ்சு ஐட்டம் இருக்கான்னு பாருங்க. கைல பணமா வெச்சுக்கோங்க, கிராமத்துல நிறைய இடத்துல கார்டு வாங்க மாட்டாங்க. ஷ்டம்டிஷ்னு போர்டு வெச்ச டேபிள்ல உக்காராதீங்க, அது ரெகுலரா வர்ற உள்ளூர்க்காரங்களுக்கு. தண்ணிக்கும் காசுதான், அதுக்கு கோவப்பட வேணாம். பசங்களுக்கு தனியா வாங்க வேணாம்னா "ரொய்பர்டெல்லர்" கேளுங்க, காலித் தட்டு தருவாங்க, உங்க தட்டுல இருந்து எடுத்து சாப்பிட்டுக்கலாம்.

வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றவங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பவேரியால பாரம்பரிய பீர் கார்டன்ல வீட்டு சாப்பாடு கொண்டு போய் சாப்பிடலாம், 1999ல வந்த அரசாங்க விதியோட விளக்கத்துலயே அது இருக்கு. டேபிள்ல துணி விரிக்காத பக்கமா உக்காந்து, குடிக்கறத மட்டும் அவங்ககிட்ட வாங்கிக்கோங்க, ஜூஸ் இருக்கு, பீர்தான் வாங்கணும்னு இல்ல. அம்மாவுக்கு புளிசாதம், உங்களுக்கு அங்கயே கிடைக்குறது, எல்லாரும் ஒரே மரத்தடில உக்காந்து சாப்பிடலாம், பட்டினியா ஒருத்தர வேடிக்கை பாக்க விடாதீங்க.

பன்னியும் மாடும் வேணாம், மீன் ஓகேன்னா செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் எங்க பக்கம் ஐஷ் ஆத்து ஏரியா கெண்டை மீன் சீசன். நீளவாக்குல பாதியா பிளந்து மாவுல புரட்டி முழுசா பொரிப்போம், வால் துடுப்பு முறுக்கு மாதிரி நொறுங்கும், அத தனியா ஒடிச்சு சாப்பிடுங்க. எதுல பொரிக்கிறாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, சில கிச்சன்ல பன்னிக்கொழுப்பு. மே, ஜூன்ல வர்றவங்களுக்கு வெள்ளை ஆஸ்பராகஸ், ஷ்பார்கல், ஜூன் 24ஓட வெட்டுறத நிறுத்திடுவாங்க. அந்த அம்மாவோட விசா அதுக்குள்ள முடியல, அதனால வர்ற வியாழக்கிழமை 12 மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். ஷ்பார்கல், அவிச்ச கிழங்கு, உருக்குன வெண்ணெய். தனி பாத்திரத்துல நானே வேகவெக்கிறேன்னு சொன்னேன்.