சேடில்: மான் கடக்கும் முகட்டுத் தாழ்வு

அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் ‘சேடில்’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். வரைபடத்தில் சேடிலைத் தேடு, அதன் பக்கத்தில் போய் உட்கார், மான் அந்த வழியாக வரும் என்பார்கள். ஆங்கிலத்தில் அது குதிரை முதுகில் போடும் இருக்கையின் பெயர். ஆனால் இவர்கள் பேச்சில் குதிரை எதுவும் இருக்காது. அகராதியைப் புரட்டி ‘சேணம்’ என்று போட்டுவிட்டால் தமிழ் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. எனவே முதலில் பொருளைப் பார்ப்போம்.

நீண்டு கிடக்கும் ஒரு மலைமுகடு. அதில் இரண்டு உச்சிகள். அந்த இரண்டுக்கும் நடுவே முகடு கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுகிறது. இறங்கிய அந்த இடம்தான் சேடில். முகட்டின் மேலேயே நடந்து வருகிறவருக்கு அது ஒரு பள்ளம். ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குத் தாண்ட நினைப்பவருக்கோ, முகடு முழுவதிலும் குறைவாக ஏறினால் போதும் என்கிற இடம் அது. கடலூர் வண்டிப்பாளையம் பக்கம் பழைய நாட்டு ஓட்டு வீடுகளில் முகட்டு விட்டம் உளுத்து நடுவில் தொய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்துக் கூரையில் ஏறும் பூனை அந்தத் தொய்வு வழியாகத்தான் பின்பக்கம் இறங்கும். மானும் அதைத்தான் செய்கிறது.

ஏறும் உழைப்பு குறைவது மட்டும் காரணமல்ல. உச்சியில் நடக்கும் மான் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கருநிழலாகத் தெரியும்; தாழ்வில் கடந்தால் இரண்டு பக்கத்து மேடும் அதை மறைக்கும். நவம்பரில் வெண்வால் மானின் இணைசேரும் பருவம் வரும்போது, ஆண்மான்கள் பெண்மான் கூட்டங்களைத் தேடி ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கும். அப்போது இந்தத் தாழ்வுகளில் நடமாட்டம் கூடும். பென்சில்வேனியா மாநிலத்தில் துப்பாக்கி வேட்டைப் பருவம், நவம்பர் மாத நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அன்று காட்டுக்குள் ஆள் நடமாட்டம் திடீரென்று கூட, மிரண்ட மான்கள் மறுபக்கம் தப்பிக்கவும் இதே இடங்களைத்தான் பிடிக்கின்றன.

இத்தனை தெரிந்தும் அனுபவசாலிகள் சேடிலின் நட்டநடுவில் உட்கார மாட்டார்கள். மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிய காவல். தாழ்வுக்குள் நுழையும் காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும், சில நேரம் சுழலும். ஆள் வாடை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. காலையில் வெயில் பட்டதும் சரிவிலுள்ள காற்று சூடாகி மேலே ஏறும், சாயங்காலம் குளிர்ந்து கீழே வழியும். ஆகவே தடத்தை விட்டு விலகி, தங்கள் வாடை மானுக்குப் போய்ச் சேராத பக்கமாகப் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர் சொல்லிக் காற்றைக் கணக்குப் பார்க்கும் நம் கடலோரத்து மீனவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வரைபடத்தில் சேடில் எப்படித் தெரியும்? ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் கொண்ட வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உச்சியும் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். அப்படி இரண்டு வளையக் கூட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, நடுவில் கோடுகள் இருபுறமும் உள்வாங்கி உடுக்கையின் இடுப்பு மாதிரி குறுகினால், அந்த இடுப்புதான் சேடில். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் மெல்லிய சரிவு. இருபுறமும் செங்குத்தாக இருந்து நடுவில் மட்டும் கோடுகள் விலகியிருக்கும் சேடிலுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் மானுக்கு அங்கே வேறு சுலபமான வழி கிடையாது. எல்லாப் பக்கமும் சாய்வு மெலிதாக உள்ள முகட்டில் சேடில் இருந்தும் பயன் குறைவுதான். மான் எங்கு வேண்டுமானாலும் தாண்டிவிடும்.

இனி சொல்லின் பிறப்பு. ஆங்கிலச் ‘சேடில்’ ஜெர்மானிய மொழிகளின் பொதுச் சொத்து. ஜெர்மனில் ‘சாட்டல்’, டச்சில் ‘சாடல்’. உட்காருதல் என்ற பொருளுள்ள வேரோடு உறவுடையது. ஜெர்மனிலும் குதிரை இருக்கைக்கும் மலைத் தாழ்வுக்கும் ஒரே சொல்தான். குதிரை முதுகில் போட்ட சேணம் முன்னும் பின்னும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, இருபக்கமும் சரிந்து இறங்குவதைப் பார்த்தவர்கள் மலைக்கும் அதே பெயரை வைத்தார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இன்னொரு சொல் தெரிந்திருக்கும்: ‘கோல்’. இதன் வேர் லத்தீனில் கழுத்தைக் குறிக்கும் சொல். நம் சட்டைக் காலரும் அதே வேரில் வந்ததுதான். பிரான்சைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தில் வீரர்கள் மூச்சு வாங்க ஏறும் கோல் து தூர்மலே 2,115 மீட்டர் உயரத்தில் உள்ள இப்படிப்பட்ட ஒரு கழுத்து. பிரனீஸ் மலையின் பாஸ்க் பகுதியில், இலையுதிர் காலத்தில் தெற்கே போகும் காட்டுப் புறாக்களை இந்தக் கழுத்துகளில் வலை கட்டிப் பிடிக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக உண்டு. மானோ புறாவோ, முகட்டைத் தாண்ட அவை தேடுவது தாழ்ந்த இடத்தைத்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘சேணம்’ நல்ல தமிழ்ச் சொல்தான். பாரசீகத்து ‘ஜீன்’ வழியாக அதே பொருளில் வந்த ‘ஜீனி’யும் நம்மிடம் உண்டு; சர்க்கரையைக் குறிக்கும் ஜீனி வேறு. ஆனால் குதிரையேற்றம் நம் அன்றாட வாழ்க்கையில் இல்லை. சேணத்தைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைக்கு அதை வைத்து மலையின் வடிவத்தைச் சொன்னால் இரண்டுமே புரியாமல் போகும். நிலஅளவைப் பாடத்தில் கலைச்சொல்லாக வந்தால் தவறில்லை; பேச்சுக்கும் கட்டுரைக்கும் அது ஒட்டவில்லை.

அடுத்தது ‘கணவாய்’. தெலுங்கின் ‘கனும’, கன்னடத்தின் ‘கணிவே’ ஆகியவற்றோடு இனமான பழைய திராவிடச் சொல். கடலூர் துறைமுகத்து மீன் ஏலத்தில் கணவாய் என்றால் மை கக்கும் பத்துக் கை உயிரினம் கூடைக்கு வரும் என்பது உண்மைதான், ஆனால் அது பெரிய இடைஞ்சல் இல்லை. இடத்தை வைத்துப் பொருள் புரிந்துவிடும். இடைஞ்சல் வேறு. கணவாய் என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிப் பாடத்துக் கைபர், போலன். இல்லாவிட்டால் ரயிலும் நெடுஞ்சாலையும் போகும் பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலமே 30 கிலோமீட்டருக்கு மேல். வேட்டைக்காரர் சொல்லும் சேடில் சில நேரம் நூறு அடி அகலம்கூட இருக்காது, மனிதர் போட்ட பாதையும் இருக்காது. கணவாய் என்பது வழியின் பெயர், சேடில் என்பது வடிவத்தின் பெயர். அப்பலாச்சியன் மலைக்காரர்களும் பெரிய வழியைக் ‘கேப்’ என்று தனியாகத்தான் சொல்கிறார்கள்.

எனக்குச் சரியாகப் படுவது ‘முகட்டுத் தாழ்வு’. முகடு என்பது மலைக்கும் கூரைக்கும் பொதுவாக எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். தாழ்வு என்பதும் அப்படியே. கேட்ட மாத்திரத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று இந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

சொல்லை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். செஞ்சியில் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே உள்ளது முகட்டுத் தாழ்வு ஆகாது. அவை தனித்தனியாக எழுந்த குன்றுகள். நடுவில் இருப்பது தரை. கடலூர் கேப்பர் மலையிலும் தேட வேண்டாம், அது பெயருக்குத்தான் மலை, உண்மையில் செம்மண் மேட்டுநிலம். நம் பக்கத்தில் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் மழைநீர் அறுத்த செம்மண் ஓடைகளுக்குப் போங்கள். ஒரு மேட்டின் இரண்டு பக்கமும் இரண்டு ஓடைகள் பின்னோக்கி அரித்துக்கொண்டே வருகின்றன. இரண்டின் தலைப்பும் நெருங்கும் இடத்தில் நடு வரப்பு கரைந்து தாழ்ந்து நிற்கும். உயரம் ஆளளவுகூட இருக்காது. பெரிய மலைகளிலும் பல முகட்டுத் தாழ்வுகள் இதே வகையில் உருவானவைதான்.

இதன் கூடப்பிறந்த சொற்களையும் ஒரு கை பார்த்துவிடலாம். ‘ரிட்ஜ்’ முகடு. அதிலிருந்து பிரிந்து இறங்கும் ‘ஸ்பர்’ கிளைமுகடு. சரிவின் நடுவே படுக்கையாக ஓடும் ‘பெஞ்ச்’ என்பதைப் படி என்றே சொல்லலாம். ‘ஃபன்னல்’ என்பதற்கு ஆய்வகத்தில் புனல் என்கிறோம். நிலத்துக்கு ஒடுங்குவழி பொருந்தும். பல கிளைமுகடுகளின் தடங்கள் வந்து கூடும் ‘ஹப்’ என்பதற்குப் பழந்தமிழில் அழகான சொல் கிடக்கிறது: கவலை. சங்கப் பாடல்களில் கவலை என்றால் வழி பல கிளையாகப் பிரியும் இடம். இன்று அதை மனத்துயரம் என்று மட்டும் நினைக்கிறோம். மீட்டெடுக்க வேண்டிய சொல் என்பேன்.

நம் நாட்டில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது சரியான சட்டம். அதனால் இந்தச் சொல் நமக்கு வேண்டாததாகிவிடாது. கல்வராயன் மலை மாதிரியான இடங்களில் விலங்குகள் எதன் வழியே கடக்கின்றன என்று தெரிந்துகொள்ளத் தானியங்கிக் கேமராவைக் கட்டுகிறவருக்கும் இதே நிலக் கண் வேண்டும். துப்பாக்கிக்காரர் தேடும் மரமும் கேமராக்காரர் தேடும் மரமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. அதே வேட்டைக்காரர்கள் ‘சேடில் ஹண்டிங்’ என்றும் சொல்வார்கள். அதற்கும் மலைக்கும் தொடர்பில்லை. இடுப்பிலும் தொடையிலும் பட்டையாகச் சுற்றிய துணி இருக்கையைக் கயிற்றால் அடிமரத்தோடு பிணைத்து, மரத்தில் சாய்ந்து தொங்கியபடியே காத்திருக்கும் முறை அது. பலகை போட்டு உட்காரும் ‘ட்ரீ ஸ்டாண்ட்’ வேறு. அதற்குப் பரண் என்ற சொல் தயாராக இருக்கிறது. இந்தத் துணி இருக்கையை நான் மரக்கச்சை என்று எழுதுகிறேன். ‘முகட்டுத் தாழ்வுக்குச் சற்றுக் கீழே, தடம் தெரியும்படி மரக்கச்சையில் உட்கார்ந்திருந்தார்’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டு சேடிலும் ஒரே வாக்கியத்தில் வந்தும் மோதிக்கொள்ளவில்லை.